மூன்று கட்டு வீட்டில் ஒரு கைப்பேசியைத் தேட: புளூடூத் டேக், ஏழு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

எங்கள் பூர்வீக வீடு செட்டிநாட்டில், கானாடுகாத்தானுக்கு அருகே ஒரு சிற்றூரில் இருக்கிறது. முகப்பு ஒரு தெருவைப் பார்த்திருக்கும். வளவு (முற்றத்தைச் சுற்றிய முதல் கட்டு), இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று நடந்து போனால் பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். வளவைச் சுற்றிப் புள்ளிக்கு, அதாவது மணமான ஒவ்வொரு தம்பதிக்கும், ஒன்றாக அறைகள், அவற்றுக்குள் உள்ளறைகள், மேலே மாடி, பின்னால் சாமான் அறை. இவ்வளவு பெரிய வீட்டில் இப்போது நிரந்தரமாக இருப்பவர்கள் 82 வயதான என் அப்பத்தாளும், சமையலுக்கு உதவியாக இருக்கும் ஓர் அம்மாளும் மட்டுமே. சென்னையிலிருந்து நாங்கள் அழைக்கும்போது அப்பத்தாள் எடுக்காவிட்டால் எங்களுக்கு ஏற்படும் பதைபதைப்பை, ஊரில் பெரியவர்களை விட்டுவந்த எல்லாரும் அறிவார்கள். காலையில் சாமி கும்பிடும்போது கைப்பேசியின் சத்தத்தை நிறுத்திவிட்டு எங்கோ வைத்திருப்பார். வைத்த இடம் மறந்துபோயிருக்கும். பெரும்பாலும் நடந்தது அவ்வளவுதான். ஆனால் அது தெரியவருவதற்குள் பக்கத்து வீட்டுப் பங்காளியை ஓடிப்போய்ப் பார்க்கச் சொல்லியிருப்போம்.

இன்னொரு கைப்பேசியிலிருந்து அழைத்துத் தேடலாமே என்று தோன்றும். செட்டிநாட்டு வீட்டில் அது பாதி நாள் பலிப்பதில்லை. தடித்த செங்கல் சுவரும், முட்டை வெண்கரு சேர்த்துத் தேய்த்த சுண்ணாம்புப் பூச்சும், பர்மாத் தேக்குக் கதவும் வெயிலைத் தடுப்பதைப் போலவே கைப்பேசிக் கோபுரத்திலிருந்து வரும் அலைகளையும் தடுத்துவிடுகின்றன. உள்ளறையில் கிடக்கும் கைப்பேசிக்கு அழைத்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகவே பதில் வரும். இணையத்தின் வழியே மணி அடிக்கச் சொல்லும் வசதியும் அதே காரணத்தால் கைவிட்டுவிடும். இங்கே தேவைப்படுவது கோபுரத்தையும் இணையத்தையும் நம்பாமல், வீட்டுக்குள்ளேயே ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளக்கூடிய குறுந்தொலைவுச் சமிக்ஞை.

அதற்காகக் கடந்த தை மாதம் காரைக்குடியில் ஒரு கைப்பேசிக் கடையில் 890 ரூபாய்க்கு ஒரு புளூடூத் டேக் வாங்கினேன். ஒரே பொருள் பல பெயர்களில் விற்பனைக்கு வருகிறது என்பதாலும், நான் சொல்லப்போகும் குறைகள் இந்த வகைக்கே உரியவை என்பதாலும் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய வட்ட வில்லை. நடுவில் ஒரு பொத்தான். சாவிக்கொத்தில் மாட்ட ஒரு துளை. பொத்தானை இருமுறை அழுத்தினால், அதனோடு இணைக்கப்பட்ட கைப்பேசி சத்தம் நிறுத்தப்பட்டிருந்தாலும் மணி அடிக்கும். அதனுடன் வரும் செயலியை இரண்டு கைப்பேசிகளில் நிறுவி ஒரே குடும்பக் கணக்கில் சேர்த்துவிட்டால், காணாமற்போன கைப்பேசி வெளியிடும் சமிக்ஞை எவ்வளவு வலிமையோடு வந்துசேர்கிறது என்பதை மற்றொன்று திரையில் காட்டும். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தப் பொருளை வாங்கலாம், அந்தத் திரையில் அது காட்டும் மீட்டர் கணக்கை நம்ப வேண்டாம்.

ஏன் நம்பக் கூடாது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் புரிந்துகொள்ளாமல் வாங்கியவர்கள்தான் "வேலை செய்யவில்லை" என்று திருப்பிக் கொடுக்கிறார்கள். புளூடூத் தொலைவை அளப்பதற்காகப் பிறந்த தொழில்நுட்பம் அன்று. 1994ஆம் ஆண்டு சுவீடனில் எரிக்சன் நிறுவனத்தில் அதற்கான வேலை தொடங்கியபோது, கருவிகளுக்கு இடையே ஓடும் கம்பியை நீக்குவதே நோக்கமாக இருந்தது. 2010இல் வெளியான 4.0 பதிப்பில் குறைந்த மின்சாரத்தில் இயங்கும் முறை சேர்க்கப்பட்ட பிறகே, ஒரு சிறு பேட்டரியை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் "நான் இங்கே இருக்கிறேன்" என்று குரல் கொடுத்துக்கொண்டிருக்கும் வில்லைகள் சாத்தியமாயின. அந்தக் குரல் காதுக்கு எட்டும்போது எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை மட்டுமே எதிர்ப்பக்கம் இருக்கும் கைப்பேசி அறியும். தேய்மானத்தைப் பார்த்துத் தொலைவை ஊகிப்பது செயலியின் வேலை.

அந்த ஊகத்தின் கணக்கு எளிது. வெட்டவெளியில் தொலைவு இரு மடங்கானால் சமிக்ஞை, அதன் வலிமையை அளக்கும் கணக்கில், 6 டெசிபெல் குறையும். திரையில் மைனஸுக்குப் பின் வரும் எண் பெரிதாக ஆகச் சமிக்ஞை மெலிந்திருக்கிறது என்று பொருள். எங்கள் முகப்புத் திண்ணையில் அப்பத்தாளின் கைப்பேசியை வைத்துப் பார்த்தபோது ஒரு மீட்டரில் மைனஸ் 59 என்றும், இரண்டு மீட்டரில் ஏறக்குறைய மைனஸ் 65 என்றும் காட்டியது, கணக்கு ஒத்துவந்தது. பின்னர் அதே கைப்பேசியை வளவை ஒட்டிய உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, சுவருக்கு இந்தப் பக்கம், சரியாக இரண்டு மீட்டர் தள்ளி நின்றேன். மைனஸ் 82 வந்தது. சுவர் விழுங்கிய 17 டெசிபெலைச் செயலி சுவராகக் கருதாமல் தொலைவாகக் கருதிக்கொண்டது. கணக்குப்படி அது ஏழு மடங்கு. திரையில் 14 மீட்டர் என்று வந்தது. அந்த எண்ணை நம்பியிருந்தால், கையெட்டும் தூரத்தில் சுவருக்குப் பின்னால் இருக்கும் பொருளை விட்டுவிட்டு நேராக மூன்றாம் கட்டுக்குப் போயிருப்பேன். விற்பவர்கள் அட்டைப்பெட்டியில் "60 மீட்டர்" என்று அச்சிட்டிருப்பதும் வெட்டவெளிக் கணக்கே. எங்கள் வீட்டில் முகப்பில் நின்றுகொண்டு இரண்டாம் கட்டில் இருப்பதைப் பிடிக்க முடிந்தது. மூன்றாம் கட்டில் இருப்பது, நடைக்கதவுகள் எல்லாம் திறந்திருந்தால் மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது.

இன்னொன்றையும் கவனித்தேன். அசையாமல் நின்றாலும் எண் ஒரே இடத்தில் நிற்பதில்லை. புளூடூத் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 12.5 சென்டிமீட்டர். சுவரிலும் தூணிலும் பட்டுத் திரும்பும் அலைகள் நேராக வருவதோடு சேரும்போது ஓரிடத்தில் வலுவடையும், நான்கு விரற்கடை தள்ளி மெலியும். கையைச் சற்று நகர்த்தினாலே எண் பத்து வரை ஏறி இறங்குவது கருவியின் பழுது அன்று. ஓரிடத்தில் நின்று ஐந்தாறு விநாடி பார்த்து, அதில் பெரும்பாலும் எந்த எண் வருகிறதோ அதை எடுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்கு நகர்வதே சரியான முறை. அவசரப்பட்டு ஓடுகிறவருக்கு இந்தக் கருவி ஒன்றும் சொல்லாது.

சித்திரை மாதம் வீட்டில் முன்னோருக்குப் படையலிட்டுக் கும்பிடும் படைப்பு வந்தது. பங்காளிகள் எல்லாரும் கூடியிருந்தார்கள். ஏறக்குறைய அறுபது பேர். மதியம் சாப்பாடு முடிந்து பார்த்தால் அப்பத்தாளின் கைப்பேசியைக் காணவில்லை. டேக்கின் பொத்தானை வளவில் நின்று அழுத்தினோம். அந்த இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. செயலியைத் திறந்தால் சமிக்ஞை வருகிறது, ஆனால் மைனஸ் 90ஐ ஒட்டியே தடுமாறுகிறது. மைனஸ் 90 என்பது ஒரு வாட்டின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு மின்திறன். அவ்வளவு மெல்லியதைக்கூட ஒரு கைப்பேசி கேட்டுவிடுகிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது. கூட்டம் கூடியதால் தேடுவது மேலும் கடினமாயிற்று. மனித உடம்பில் பெரும்பகுதி நீர். இந்த அலைவரிசையை நீர் நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். அறுபது பேர் நிறைந்த வளவு, காலி வளவைக் காட்டிலும் சமிக்ஞைக்கு மிகக் கெட்டியான இடம்.

ஆனால் உடம்பு சமிக்ஞையை மறைக்கும் என்ற அந்தக் குணமே அன்று எங்களுக்கு உதவியது. கைப்பேசியை நெஞ்சோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே மெதுவாக ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். தேடும் பொருள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்போது இடையே நம் உடம்பே சுவராக நிற்பதால் எண் தெளிவாகக் குறையும். எந்தப் பக்கம் திரும்பும்போது மிகவும் குறைகிறதோ, அதற்கு நேர் எதிர்ப்பக்கம் நடக்க வேண்டும். இந்தச் செயலியின் உதவிப் பக்கங்கள் எதிலும் இது இல்லை. வானொலி அலைகளைத் தேடிப் பழகியவர்கள் நெடுங்காலமாகக் கையாளும் முறை இது. இரண்டாம் கட்டின் நடையில் அப்படிச் சுற்றியபோது எண் சாமான் அறையின் பக்கம் காட்டியது.

"அங்ஙனெ நான் எதுக்குப்பா போறேன்? நான் காலையிலேருந்து வளவுலதானே உக்காந்திருக்கேன்" என்றார் அப்பத்தாள்.

சாமான் அறைக்குள் நுழைந்ததும் எண் ஏறியது, ஆனால் மைனஸ் 84ஐத் தாண்டவில்லை. பெரிய அறைகூட இல்லை. திறந்த இடத்தில் இருந்திருந்தால் மைனஸ் 65 வந்திருக்க வேண்டும். அப்படியானால் ஏதோ உலோகத்துக்குள் இருக்கிறது என்று பொருள். மறுபடியும் பொத்தானை அழுத்தினேன். மணிச்சத்தமாக எதுவும் வரவில்லை. ஆனால் மூலையில், தாம்பாளத்தால் மூடிவைத்திருந்த ஒரு பித்தளை அண்டா அடிவயிற்றிலிருந்து ரீங்காரம் இட்டது. தாம்பாளத்தைத் தூக்கினேன், கையிலிருந்த திரையில் எண் ஒரே தாவலில் மைனஸ் 61க்கு வந்தது. காலையில் படைப்புக்காகக் கரண்டிகளை எடுத்துக் கொடுக்கும்போது கைப்பேசியை அண்டாவுக்குள் வைத்துவிட்டு அப்பத்தாள் மறந்திருக்கிறார். மூடிய உலோகப் பாத்திரம் அலையை அநேகமாக முழுதும் தடுத்துவிடும். தாம்பாளம் பொருந்தாமல் விட்ட இடைவெளி வழியாகக் கசிந்ததைத்தான் நாங்கள் பிடித்தோம். அதே கைப்பேசி ஓர் ஓலைக் கொட்டானுக்குள் இருந்திருந்தால் ஒன்றும் குறைந்திருக்காது, ஏனென்றால் காய்ந்த பனையோலை இந்த அலைக்கு இல்லாத பொருளைப் போன்றது. அன்றிலிருந்து அப்பத்தாள் கைப்பேசியை வைப்பதற்கென்றே ஒரு சிறு கொட்டான் கொடுத்திருக்கிறோம்.

குறைகளில் முதன்மையானது டேக்கில் இல்லை, கைப்பேசியில் இருக்கிறது. பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காகப் பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் சிறிது நேரம் பயன்படுத்தாத செயலிகளைப் பின்னணியில் நிறுத்திவிடுகின்றன. செயலி நின்றுவிட்டால் பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் மணி அடிக்காது. எங்களுக்கு முதல் மாதத்தில் மூன்று முறை இப்படி நேர்ந்தது. மூன்று முறையும் டேக்கைக் குறை சொன்னோம். அமைப்புகளுக்குள் போய் அந்தச் செயலிக்குப் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டு, அருகிலுள்ள கருவிகளுக்கான அனுமதியையும் கொடுத்த பிறகு இந்தத் தொல்லை நின்றது. விற்கும் கடைக்காரர் இதை இரண்டு நிமிடத்தில் செய்து கொடுத்துவிடலாம். எனக்கு யாரும் செய்து கொடுக்கவில்லை, அப்படி ஒன்று உண்டு என்றும் சொல்லவில்லை. 890 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு பெரியவரின் பாதுகாப்புக்காகப் பொருள் விற்கிறவர்கள் இதைக் கடமையாகவே கொள்ள வேண்டும் என்று நான் கருதுகிறேன்.

பேட்டரியைப் பற்றி ஒரு வார்த்தை. இதில் இருப்பது சிஆர்2032 என்ற லித்தியம் பொத்தான் பேட்டரி. 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன் என்பதையே அந்த எண் குறிக்கிறது. 1953 முதல் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இயங்கிவரும் காரைக்குடியில் இத்தகைய பேட்டரியின் அருமையை விளக்க வேண்டியதில்லை. ஆறாவது மாதம் மாற்ற வேண்டி வந்தது. புதிதாக வாங்கிப் போட்ட முதல் பேட்டரி இயங்கவில்லை. குழந்தைகள் வாயில் வைத்தால் துப்பிவிடுவதற்காகச் சில பேட்டரிகளில் தடவப்படும் கசப்புப் பூச்சு சில கருவிகளில் இணைப்பைத் தடுத்துவிடுகிறது. பூச்சில்லாத வேறொன்று போட்டதும் சரியாயிற்று. ஆனால் பேரப்பிள்ளைகள் வந்துபோகும் வீடுகளில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும்: இந்தப் பேட்டரியை விழுங்கிய குழந்தைக்கு இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் வெந்துபோகக்கூடும், உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். எங்கள் டேக்கின் மூடியோ நகத்தால் நெம்பினாலே திறந்துகொள்கிறது. திருகாணி வைத்த மூடி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

வீட்டுக்கு வெளியே தொலைந்தால் இந்த வகை டேக்கால் பயனில்லை. அதற்கு ஆப்பிளின் "ஃபைண்ட் மை", கூகுளின் "ஃபைண்ட் ஹப்" போன்ற வலையமைப்புகள் இருக்கின்றன. வழியில் போகும் பிறருடைய கைப்பேசிகள் உங்கள் கருவியின் குரலைக் கேட்டு, அதன் இடத்தை மறையாக்கம் செய்து உங்களுக்கு அனுப்பும். கூகுளின் வலையமைப்பு 2024 ஏப்ரலில் தொடங்கியது. அதில், தானாகவே அமைந்திருக்கும் தெரிவு, ஆள்நடமாட்டம் மிகுந்த இடங்களில் பல கைப்பேசிகள் கண்டால் மட்டுமே இடத்தைச் சொல்வது. காரைக்குடிப் பேருந்து நிலையத்துக்கு அது பொருந்தும். முக்கால்வாசி வீடுகள் பூட்டிக் கிடக்க, மதியத்தில் தெருவில் ஒருவரும் நடக்காத எங்கள் ஊருக்குப் பொருந்தாது. "எல்லா இடங்களிலும்" என்ற தெரிவுக்கு மாற்றி வைத்துக்கொள்வது நல்லது. திருட்டுப் போயிருந்தால் கதை வேறு: காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தின் வழியே, ஒவ்வொரு கைப்பேசிக்கும் உரிய 15 இலக்க அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணைத் தடைசெய்ய வேண்டும். *#06# என்று அழுத்தினால் வரும் அந்த எண்ணைப் பெரியவர்களின் கைப்பேசிக்கு இப்போதே குறித்துவைத்துவிடுங்கள்.

அருகில் இருக்கும் கைப்பேசிகளைக் கண்டறியும் ஆற்றல் தேடுகிறவருக்கு உதவுவதைப் போலவே வேவு பார்க்கிறவருக்கும் உதவக்கூடும் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். படைப்பு அன்று செயலி காட்டிய பட்டியலில் எங்கள் கருவிகள் மட்டுமன்றி, வந்திருந்தவர்களின் கைக்கடிகாரங்களும் இயர்பட்களும் சிலருடைய பெயரோடே வந்தன. எனக்கு அது சங்கடமாக இருந்தது. கைப்பேசிகள் தம்மை அடையாளங்காட்டும் புளூடூத் முகவரியை ஏறக்குறைய 15 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்வதால், அந்நியர் ஒருவர் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒரு கைப்பேசியை நெடுநேரம் பின்தொடர்வது கடினம். தெரியாத டேக் ஒன்று நம்மோடு பயணம் செய்தால் எச்சரிக்கும் வசதியை ஆப்பிளும் கூகுளும் 2024 மே மாதம் சேர்ந்து கொண்டுவந்தன. ஆனால் மலிவான டேக்குகள் எல்லாம் அந்த நெறிக்குக் கட்டுப்பட்டவை அல்ல. ஒருவருடைய பையில் அவர் அறியாமல் டேக் வைப்பது, அக்கறையால் செய்தாலும் தவறு. அப்பத்தாளிடம் இது என்ன செய்யும் என்று விளக்கிச் சொல்லி, அவர் சரி என்ற பிறகே இணைத்தேன்.

இதைவிடத் துல்லியமானவை இல்லையா என்று கேட்பவர்களுக்கு: இருக்கின்றன. 2019 முதல் சில விலை உயர்ந்த கைப்பேசிகளில் வரும் அல்ட்ரா வைடுபேண்ட், சமிக்ஞையின் வலிமையைப் பாராமல் அது வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்தை அளக்கிறது. அம்புக்குறி இட்டுத் திசையையே காட்டும். 2024 செப்டம்பரில் வெளியான புளூடூத் 6.0 பதிப்பிலும் தொலைவை நேரடியாக அளக்கும் முறை சேர்க்கப்பட்டிருக்கிறது. இரண்டுக்கும் இரு முனைகளிலும் அதற்குரிய சில்லு வேண்டும். அப்பத்தாளிடம் இருப்பது ஒன்பதாயிரம் ரூபாய்க் கைப்பேசி. அதற்கு இந்த டேக்கே பொருத்தம்.

கடைசியாக, நாங்கள் தாமதமாகக் கண்டுகொண்ட ஒன்று. செயலி தானாக வைத்திருக்கும் மணி, கீச்சென்ற உயர்ந்த ஒலி. வயதாகும்போது முதலில் மங்குவது உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் திறன்தான். எங்களுக்குக் காதைத் துளைத்த அந்த மணி, அதே அறையில் இருந்த அப்பத்தாளுக்குக் கேட்கவே இல்லை என்பது நான்காவது மாதத்தில்தான் தெரிந்தது. அதுவரை அவர் பொத்தானை அழுத்திவிட்டு, "அடிக்கவே இல்லையேப்பா" என்று சொன்னதெல்லாம் உண்மை. ஒலியை மாற்றும் வசதி செயலியில் மூன்று பக்கம் உள்ளே இருக்கிறது. அங்கே போய் நாகசுரம் ஒன்றை வைத்தோம். இப்போது அடுப்படியில் இருந்தபடியே பொத்தானை அழுத்திவிட்டு, சத்தம் வரும் பக்கம் அவரே நடந்து போய் எடுத்துக்கொள்கிறார்.